மூச்சு வகுப்பில் அம்மாவும் நானும்

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதுவும் மூச்சுவிடும் விஷயத்தில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல், பன்னிரண்டிலும் முதல். ஆரணிப் பக்கம் எங்கள் தெருமுனையில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அது மழையில் கிழிந்து விழும்வரை, கடைக்குப் போகும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவேன். அந்த வயதில் வந்த திமிர் எனக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

புனேக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை. எங்கோ ஒரு நாட்டில் யாருக்கோ திரை உறைந்துவிட்டால், நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்ல வேண்டும். அங்கிருந்து நிரல் எழுதும் பிரிவுக்குப் போக ஒரு தேர்வு உண்டு. கணினி முன்னால் ஒன்றரை மணி நேரம், எழுபது கேள்விகள். மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தவறினால் ஹெட்செட்டோடு அங்கேயே இருந்துகொள்ள வேண்டியதுதான்.

நான் இரண்டு முறை தவறியிருந்தேன்.

படிக்காமல் தவறினேன் என்றால்கூட மனசு ஆறும். எல்லாம் படித்திருந்தேன். முப்பதாவது கேள்வி வாக்கில் ஏதோ ஒன்று நடக்கும். எழுத்து தெரியும், சொல் தெரியும், அர்த்தம் மட்டும் ஏறாது. மறுபடி முதலிலிருந்து படிப்பேன், ஏறாது. ஊர் பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நிற்கும்போது அம்மா போர்டை இப்படித்தான் பார்ப்பாள். அந்த நினைப்பு வந்ததும் உள்ளங்கை வேர்த்துவிடும். பிறகு கடிகாரத்தைப் பார்த்தால் இருபது நிமிடம் காணாமல் போயிருக்கும்.

இரண்டாவது முறை தவறியதை அம்மாவிடம் போனில் சொன்னேன். பத்து நாளில் ரயிலேறி வந்துவிட்டாள். கையில் ஒரு பையில் துணி, ஒரு பையில் மிளகாய்த்தூள்.

“அடுப்பாண்ட நீ வராத. துணிய நான் தோச்சிக்கிறேன். நீ படி” என்றாள். மூன்றாவது தேர்வுக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி எனக்குச் சொன்னது அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி. கவனம் சிதறாது, மூளை தெளியும், பரீட்சைக்கு நல்லது என்றாள். வானவடியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸிலேயே தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடமாக அந்தக் கதவைத் தாண்டித்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகிறேன், உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. நடத்துகிறவர் ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற மராத்திப் பெண்மணி. எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தியில் சொல்லித்தருவார், கோபம் வந்தால் மராத்திக்கு மாறுவார். வருகிறவர்கள் பெரும்பாலும் ராணுவக் குடும்பத்துப் பெண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள்.

முதல் நாள் அம்மாவும் என்னோடு கீழே இறங்கினாள். என் வீட்டுக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். அதற்குப் பயந்து அவள் தனியாக இருக்க மாட்டேன் என்றாள். சும்மா ஓரமாக உட்காரட்டும் என்று நினைத்தேன். மேடம் விடவில்லை. புதிதாக வருகிற எல்லோருக்கும் பார்ப்பது போல அம்மாவுக்கும் பிரஷர் பார்த்தார். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். ஆமாம், தினமும் ஒன்று என்று நான்தான் சொன்னேன். ஒரு பாயை விரித்து அம்மாவை என் பக்கத்தில் உட்காரவைத்தார்.

நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கால் இழு, மாற்றி விடு. இவ்வளவுதான் முதல் வாரம். மேடம் சொல்லச் சொல்ல நான் அம்மாவின் காதில் தமிழில் சொல்வேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. என் இந்தி இங்கே வந்து நானாகக் கற்றது. பின்னாலிருந்த ஒரு பெண், “அம்மாவுக்கு எவ்வளவு அழகாகச் சொல்லித்தருகிறாய்” என்றார். அதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

சனிக்கிழமைகளில் பஞ்சுப் பரீட்சை. மேடம் ஆஸ்பத்திரிப் பஞ்சிலிருந்து நகத்தளவு பிய்த்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பார். மூக்குக்கு நேரே, ஒரு சாண் தள்ளி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி மூச்சுவிட வேண்டும். மனம் அடங்கியவர் மூச்சில் பஞ்சு அசையாது என்பார் மேடம். பரீட்சை என்று காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெதுவாக, மிக மெதுவாக விட்டேன். கடைசியில் மூச்சு முட்டியது, அடக்கிவைத்ததெல்லாம் மொத்தமாகப் புறப்பட்டது. கண்ணைத் திறந்தபோது என் பஞ்சு அம்மாவின் மடியில் கிடந்தது.

அம்மாவின் பஞ்சு அவள் கையிலேயே இருந்தது. மேடம் அவள் எதிரே குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரையும் கண் திறக்கச் சொல்லி அம்மாவின் கையைக் காட்டினார். பஞ்சின் ஓரத்து இழைகூட ஆடவில்லை. பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். கிராமத்துக் காற்று, கிராமத்துச் சாப்பாடு, இவர்களுக்கு இயற்கையாகவே வரும் என்று ஒருவர் சொன்னார்.

அம்மா பத்தொன்பது வருடம் அரிசி ஆலையில் வேலை பார்த்தவள். நெல் அவிக்கும் கொப்பரைப் புகையும் உமித்தூசியும் தின்று, ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டிருப்பாள். எந்தக் கிராமத்துக் காற்று என்று அந்தப் பெண்ணிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மேடம் அதற்குள் என் பக்கம் திரும்பி, நான் மறக்க முடியாத ஒன்றைச் சொன்னார்.

“உன் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்.”

என் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அம்மா சொன்னதெல்லாம் இதற்கு நேரெதிர்: என்னப் பாத்து வளந்துடாத, படி.

“இன்னா சொல்றாங்கோ?” என்றாள் அம்மா.

“முதுக நேரா வெச்சிக்கணுமாம்” என்றேன்.

முதல் பொய் அது. வாயில் தயாராக இருந்தது போல வந்தது. அம்மா உடனே முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் மூச்சை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டேன். நோட்டுப் போட்டேன். இத்தனை எண்ணிக்கை, இத்தனை தடவை, எந்த நேரம் என்று கட்டம் கட்டி எழுதினேன். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் டைமர் வைத்து மூச்சை இழுத்து விட்டேன். கண்ணை மூடினால் மண்டைக்குள் டைமர்தான் ஓடியது. தேர்வுப் புத்தகத்தைத் திறந்தால், அம்மாவின் கையில் அசையாத பஞ்சுதான் நினைவுக்கு வந்தது. கவனத்துக்காகப் போன இடத்தில் இருந்த கவனத்தையும் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அம்மாதான் முதல். அதற்கடுத்ததும். மேடம் அவளை முன்வரிசைக்கு, தனக்கு நேர் எதிரே மாற்றினார். நான் கூடவே நகர்ந்து போனேன், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. வகுப்பு முடிந்ததும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் டப்பாவில் போஹா கொண்டுவருவார், நம்ம ஊர் அவல் உப்புமாதான், மேலே வேர்க்கடலையும் எலுமிச்சையும். இன்னொருவர் ஏகாதசி என்று ஜவ்வரிசிக் கிச்சடி. அம்மா சாப்பிட்டுவிட்டுத் தலையை ஆட்டுவாள், அவர்கள் சிரிப்பார்கள். பேச்சே இல்லாமல் அவர்களுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுப் பெண்மணி மூன்று வருடத்தில் என்னிடம் லிஃப்டில் எந்த மாடி என்பதைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காய்கறிச் சந்தைக்குப் போனார்.

“நல்லா பழகறாங்கோ இந்த ஊர்ல” என்றாள் அம்மா, வெங்காயம் உரித்தபடி. “நீ இன்னாத்துக்கு ஒருத்தர்கிட்டயும் பேசறதில்ல?”

“எனக்கு வேலை இருக்குமா.”

“அவங்களுக்கும் இருக்கு” என்றாள்.

நான் மொழிபெயர்ப்பில் தினமும் கைவைக்கத் தொடங்கியது அந்த வாரம். மேடம் அம்மாவைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னால், தோளை இறக்கு என்கிறார் என்பேன். இவரைப் போல அமைதியாக ஒருவரை ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை என்றால், சத்தமாக மூச்சுவிடுகிறாயாம் என்பேன். அம்மா ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டாள். இல்லாத சத்தத்தைக் குறைக்கப் பார்த்துத் திணறினாள். ஒரு சனிக்கிழமை அவள் பஞ்சு லேசாக நடுங்கியது. அதைப் பார்த்து எனக்கு உண்டான நிம்மதியை நான் எந்த மூச்சுப் பயிற்சியிலும் அடையவில்லை.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தேர்வு வரும் சனிக்கிழமை, பிம்ப்ரியில். அன்று மேடம் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். வயிற்றைச் சடசடவென்று உள்ளே இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் மூக்கால் மூச்சை வெளியே தள்ளும் வேகப் பயிற்சி. மண்டையைச் சுத்தம் செய்யும், தூக்கக் கலக்கம் போகும், படிக்கிறவர்களுக்கு நல்லது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டி, “பிரஷர் இருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. உன் அம்மா சும்மா உட்கார்ந்திருக்கட்டும். சொல்லிவிடு” என்றார்.

“இன்னா சொல்றாங்கோ?”

அம்மா அவசரமாக எதைச் செய்தாலும் தடுமாறுவாள். எஸ்கலேட்டரில் கால் வைக்கத் தெரியாமல் நாலு பேரை நிறுத்திவைத்திருக்கிறாள். இந்த வேகப் பயிற்சியில் அவள் கோணல்மாணலாகத் துருத்தி ஊதுவதை இந்தப் பெண்கள் ஒருமுறை பார்க்கட்டும் என்று இருந்தது. பிரஷர் விஷயம் மறந்துபோயிற்று என்று எழுதிவிட்டுப் போகலாம். மறக்கவில்லை. ஒரு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

“எல்லாரும் செய்யணுமாம். வேகமா, விடாம செய்யணுமாம்.”

அம்மா மேடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரி என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுமாறவே இல்லை. நான் சொன்னபடி வேகமாக, விடாமல் செய்தாள். முகம் சிவந்தது. நெற்றி நரம்பு எழும்பியது. நிறுத்து என்று சொல்ல நான் வாயைத் திறந்தபோது அவள் என் பக்கமாகச் சாய்ந்து பாயில் விழுந்தாள்.

மேடம் இரண்டே எட்டில் வந்துவிட்டார். ரவிக்கைக் கொக்கியைத் தளர்த்தி, சன்னலைத் திறக்கச் சொல்லி, பிரஷர் கருவியைக் கட்டினார். அளவைப் பார்த்தவர் வாய்க்குள் மராத்தியில் ஏதோ சொன்னார். பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார், இறங்கியிருந்தது. இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“நான் சொன்னதை அம்மாவிடம் சொன்னாயா?” என்றார் என்னிடம்.

அம்மா கண்ணைத் திறக்காமல், “இன்னா கேக்கறாங்கோ?” என்றாள்.

“நீ செய்யக் கூடாதுன்னு நான் உங்கிட்ட சொன்னேனான்னு கேக்கறாங்க.”

இரண்டு வாரத்தில் நான் செய்த முதல் சரியான மொழிபெயர்ப்பு அதுதான். அம்மா கண்ணைத் திறந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அவ சொன்னா, நான்தான் கேக்காம செஞ்சிட்டேன்னு சொல்லு.”

அதை அப்படியே இந்தியில் சொன்னேன். மேடம் அம்மாவின் தலையைத் தடவி, குழந்தை மாதிரி பிடிவாதம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கிக் குடித்தாள்.

“அந்தம்மா என்னப் பாத்துக் கைய இப்டி ஆட்டுனாங்கோ. வேணான்னு சொல்றாங்கோன்னு எனக்கே தெரிஞ்சிது” என்றாள். “நீ செய்யின்ன. படிச்ச புள்ள சொல்லுதே, அந்தக் கைக்கு வேற எதனா அர்த்தம் இருக்கும்னு நெனச்சிக்கினேன்.”

நான் காலி தம்ளரை வாங்கிக்கொண்டேன்.

“ஊருக்கு டிக்கெட் போடு.”

அதோடு எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், தட்டைக் கழுவினாள், துணி மடித்தாள். மறுநாள் காலை வகுப்புக்கு வரவில்லை. அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நான் புத்தகத்தைத் திறந்தேன். தேர்வில் முப்பதாவது கேள்வியில் நடப்பது, இப்போது வீட்டில் முதல் பக்கத்திலேயே நடந்தது. எழுத்து இருந்தது, அர்த்தம் இல்லை. மத்தியானம்வரை அதே பக்கம்.

மேடம் வீடு பக்கத்து பிளாக்கில். மாலை போய் மணியடித்தேன். மனசாட்சி உறுத்திப் போனேன் என்றால் பாதிதான் உண்மை. இப்படியே சனிக்கிழமை போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவும்தான் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், நான் செய்யச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன் என்று.

மேடம் என்னை உள்ளே கூப்பிடவில்லை. பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, முன்னால் நடந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு தரையில் அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“இப்போது நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் சொல்” என்றார் என்னிடம். “உங்கள் மகள் உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.”

“மேடம் சொல்றாங்க... உன் பொண்ணு உங்கிட்ட பொய் சொல்லியிருக்கா.”

“அது எனக்குத் தெரியும்னு சொல்லு” என்றாள் அம்மா.

சொன்னேன்.

“எத்தனை நாளாக என்று கேள்.”

கேட்டேன். அம்மா விரலில் எண்ணிப் பார்த்தாள். “பஞ்சு வெச்ச மொத நாள்லேருந்து. அவங்கோ கை காலெல்லாம் ஆட்டிப் பேசுவாங்கோ. இவ முதுக நிமுத்துன்னு ஒரே வரியில முடிச்சிடுவா. அவ்ளோ நேரமா என் முதுகப் பத்திப் பேசுனாங்கோ?”

அதை மொழிபெயர்த்தபோது மேடத்தின் முகத்தில் சிரிப்பு வந்து மறைந்தது. “ஏன் செய்தாய்?” என்றார்.

இந்தியில் அதற்கான வார்த்தை சுலபமாக வந்தது. பொறாமை என்றேன். மேடம் அம்மாவைக் கைகாட்டி, அவளிடமும் சொல் என்றார். தமிழில் சொல்ல நாக்கு எழவில்லை. அம்மா காத்திருந்தாள்.

“உம்மேல பொறாமமா.”

“எம்மேலயா?” என்றாள். உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. “எங்கிட்ட இன்னாடி இருக்கு?”

மேடம் இதற்கு மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. எழுந்துகொண்டார். “நாளையிலிருந்து உன் அம்மா மட்டும் என் எதிரில் உட்காரட்டும், என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று நானே கையால் காட்டிக்கொள்கிறேன்” என்றார். “நீ கடைசி வரிசை. உன் மொழிபெயர்ப்பு இனி வேண்டாம்.” என்னை வேலையைவிட்டு நீக்கிய அந்த உத்தரவையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா, சரிங்கோன்னு சொல்லு என்றாள்.

அவர் போனதும் அம்மா அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைந்தாள். அங்கிருந்தே கேட்டாள். “அந்தம்மா இத்தன நாளா என்னப் பத்தி நெசமா இன்னா சொன்னாங்கோ?”

அடுப்படி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அமைதியான மனுஷி என்றார். ஆஸ்பத்திரியில்கூட இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை என்றார். பஞ்சைப் பார்த்துத் தனக்கே கண் கலங்கியது என்றார். அம்மா கையை அரிசித் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அந்த ஆஸ்பத்திரி ஒண்ணு சொன்னியே, அதத் திருப்பிச் சொல்லு.”

திருப்பிச் சொன்னேன். சொல்லிவிட்டதால் பொறாமை போய்விடவில்லை.

“கண்ண மூடிக்கினு நீ இன்னாதாம்மா பண்ற?” என்று கேட்டேன். ரகசியத்தை வாங்கிவிடும் ஆசை இன்னும் இருந்தது.

“ஒண்ணும் பண்ணல. அஞ்சு மணிக்கு எழுப்பி இட்டுக்கினு போற. எனக்குத் தூக்கம் வருது. பாதி தூங்கிக்கினுதான் உக்காந்திருப்பேன். யாருக்கும் சொல்லாத.” பிறகு, “உனக்கு எப்டி வரும்? நீ கண்ணத் தொறந்து என்னத்தான பாத்துக்கினு இருக்க” என்றாள். டிக்கெட் தேர்வுக்கு மறுநாளைக்குப் போடச் சொன்னாள்.

கடைசி வரிசையில் எனக்கு வேலை எதுவும் இல்லை. யார் காதிலும் சொல்ல வேண்டாம். அம்மாவின் முகம் தெரியாது, ஐந்து பேர் முதுகுக்கு அப்பால் அவள் கொண்டை மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை அலுத்துப்போய்க் கண்ணை மூடினேன். எண்ணத் தொடங்கி எங்கோ விட்டுவிட்டேன். நாசியில் ஒரு பக்கம் குளிர்ந்தது, மறுபக்கம் சூடாக இருந்தது. டிசம்பர் காற்று உள்ளே போகும்போது ஒரு மாதிரி, வெளியே வரும்போது வேறு மாதிரி. ஐந்து வாரமாக அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், மூச்சு இப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அன்று மாலை புத்தகத்தில் பதினோரு பக்கம் ஓடியது.

சனிக்கிழமை ஸ்வார்கேட் வரை ஆட்டோவில் போய், அங்கிருந்து மெட்ரோ பிடித்துப் பிம்ப்ரி போனேன். முப்பத்திநாலாவது கேள்வியில் அது வந்தது. எழுத்து, சொல், அர்த்தம் இல்லை. பஸ் போர்டை அண்ணாந்து பார்க்கும் அம்மாவும் வழக்கம்போல வந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுத்து விசைப்பலகையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை விட்டேன். இழுப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை, விடுவதை மட்டும் கடைசிவரை விட்டேன். ஆறேழு தடவை இருக்கும். மறுபடி படித்தேன். அந்தக் கேள்வி அப்போதும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்பது புரிந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு கேள்வியைக்கூட விட்டுவிட்டுப் போகாதவள் நான், அப்படிப் போவது எனக்குக் கேவலம். அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். மொத்தம் ஐந்து கேள்விகளை அப்படி விட்டேன். தேறுவதற்கு வேண்டியதைவிட மூன்று மதிப்பெண் அதிகம் என்று முடிவில் திரை காட்டியது. முதலிடம் இல்லை. யாரும் ஃபிளெக்ஸ் வைக்கிற மதிப்பெண்ணும் இல்லை.

போனில் சொல்லாமல் நேரில் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. காவலாளி பக்கத்து பிளாக்கைக் காட்டினார். மேடம் வீட்டுக் கூடத்தில் வகுப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர், நடுவில் அம்மா. மறுநாள் ஊருக்குப் போகிறாள் என்று விருந்து. நான் வாசலில் நின்று, தேறிவிட்டேன் என்று இந்தியில் சொன்னேன். எல்லோரும் எழுந்தார்கள். என்னைத் தாண்டிப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். எதிர் வீட்டுப் பெண்மணி அம்மாவின் வாயில் ஒரு பேடாவைத் திணித்தார்.

அம்மா அதை மென்று விழுங்கிவிட்டு, என்னைக் கையால் காட்டி, “மேரீ பேட்டி. பஹுத் பட்தீ. ராத் கோ பீ பட்தீ” என்றாள். என் பெண், நிறைய படிப்பாள், ராத்திரியும் படிப்பாள். தயங்காமல், யாரையும் பார்க்காமல் சொன்னாள். நான் அவளுக்கு ஒரு இந்தி வார்த்தைகூடச் சொல்லித்தந்ததில்லை.

“யாருமா சொல்லிக் குடுத்தது?”

“நீ ஆபீஸ் போனப்புறம் தெனம் இங்கதான உக்காந்திருப்பேன். இவங்கோ சொல்வாங்கோ, நான் சொல்வேன்.”

“எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?”

“உங்கிட்டயா” என்றாள் அம்மா. “நீ திருத்திக்கினே இருப்ப.”

மேடம் என் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். அம்மாவின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன். எதிர் வீட்டுப் பெண்மணி கை கழுவிவிட்டு வந்து என் தோளைத் தட்டினார். அது அவருடைய இடமாம். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். தள்ளி உட்கார்ந்தேன்.